அட்டைப்படத்தில் ஓர் ஆரஞ்சுக் குல்லா

ஹாஸ்டல் மொட்டைமாடியில் துவைத்த துணியைக் காயப் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நானும் ரெபேக்காவும் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திண்டுக்கல் வெயிலில் சோப்பு வாசனையும் தொட்டிப் பாசியின் வாசனையும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

ரெபேக்கா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வனி, இந்த கவர் பாரேன். எவ்ளோ மினிமலா இருக்கு!"

திரை முழுக்க வெள்ளை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி. அதில் வலது ஓரமாக, கீழே, மிளகாய் விதை அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி. பாடுகிறவரின் முகம் இல்லை. பாட்டின் பெயர்கூட இல்லை.

"இது எங்கப்பா குல்லா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"லூசு. இது ஆல்பம் கவர்டி. பெங்களூர்ல ஒரு பையன், 'கம்பிவேலி'ங்கிற பேர்ல தனியாவே எல்லாம் பண்றான். இன்னும் யாருக்கும் தெரியாது. நாமதான் ஃபர்ஸ்ட்."

"பெருசாக்கு."

விரலால் விரித்தாள். புள்ளி கலங்கிக்கொண்டே பெரிதானது. உச்சியில் ஒரு கம்பளிப் பந்து. அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அறுந்து விழுந்த பந்தை அம்மா கறுப்பு நூலால் அவசரமாகத் தைத்ததில் வந்த சாய்வு அது.

அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம் முடிந்திருக்கவில்லை. குல்லாவையும் அவர் தலையோடேயே எரித்துவிட்டோம். கொடைக்கானலில் இருந்து அத்தனை தூரம் தள்ளி, ஹாஸ்டல் மொட்டைமாடியில், அது ஓர் அட்டைப்படத்தில் இருந்தது.

ரெபேக்காவின் சிரிப்பு நின்றது. ஒரு இயர்போனை என் காதில் வைத்தாள். முதலில் தகரத்தில் மழை. பிறகு மெதுவாக ஒரு தந்தி ஓசை. பிறகு அப்பா கூப்பிட்டார்.

நான் இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து, துணிக்கொடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே எங்கள் சுடிதார்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

அலமாரிக் கதவின் உள்பக்கம்

பிற்பாடு கோவாவில் நான் தட்டுக் கழுவிய கதையை முன்பொரு முறை எழுதியபோது ஒரு வாசகர் கேட்டிருந்தார்: பூண்டு பிடுங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாட்டு, டிசைன், போஸ்டர் எல்லாம் எப்படிப் பழக்கமானது என்று. ரெபேக்காவால் பழக்கமானது.

அவள் கொடைக்கானல் டவுன். அவள் அப்பா ஒரு மிஷன் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுப்பவர். நான் பள்ளங்கி கிராமம். ஒரே மலையில் ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வளர்ந்த இரண்டு பேரும், கீழே இறங்கி ஒரே ஹாஸ்டல் அறையில்தான் சந்தித்துக்கொண்டோம். எனக்கு அதுவரை தெரிந்த பாட்டு, சினிமாப் பாட்டு. அதுவும் கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது.

அவள் வாரத்துக்கு ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவாள். தையல் மெஷின் சத்தத்தை வைத்தே முழுப் பாட்டுச் செய்த கொச்சிக்காரி ஒருத்தி. உப்பளக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பாடும் தூத்துக்குடிப் பையன்கள். காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல் பாடும் ஒரு ஷில்லாங் பெண்; அவள் பாஷை எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. நூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டை நாம் கேட்கிறோம் என்பதில் எங்களுக்கு ஒரு திமிர் இருந்தது. மற்ற பெண்கள் எங்களைக் கிறுக்குகள் என்றார்கள். அதுவும் பிடித்திருந்தது.

எனக்குப் பாட்டைவிட அட்டைப்படங்கள் மேல் பைத்தியம். கல்லூரி எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுப்போம். கலர் எடுக்கக் கட்டுப்படியாகாது. சிவப்பு தேவைப்பட்ட இடத்தில் ரெபேக்காவின் நகப்பூச்சைத் தடவிக்கொள்வேன். எல்லாவற்றையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்தோம். வார்டன் வந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து நான் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். எழுத்துக்குப் பக்கத்தில் காலி இடம் விட்டால் எழுத்து சத்தமாகக் கேட்கும். ஒரு நிறம் போதும் என்றால் இரண்டாவதை எடுத்துவிடு. கணக்குப் பதிவியல் நோட்டின் ஓரமெல்லாம் நடக்கவே போகாத கச்சேரிகளுக்கு போஸ்டர் வரைந்து வைத்திருந்தேன். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. கதவில் படித்தது பிறகு பல ஊர்களில் எனக்குச் சோறு போட்டது.

சத்தம் கொடுப்பது

அப்பா கூப்பிட்டார் என்று எழுதினேன். அது எப்படிப்பட்ட கூப்பாடு என்று சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது.

எங்கள் காடு மலைச்சரிவில் தட்டுத் தட்டாக இறங்கும். மேல்தட்டில் ஒருவர், கீழ்த்தட்டில் ஒருவர் நின்று வேலை செய்வார்கள். திடீரென்று மஞ்சு, மலைப் பனிமூட்டம், இறங்கும். நீட்டிய கை தெரியாது. பூண்டுப் பாத்தி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் காட்டுமாடு வந்து நின்றாலும் அதன் மூச்சு மேலே படுகிற வரைக்கும் தெரியாது.

அப்போது சத்தம் கொடுப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு சத்தம். எங்கள் வீட்டுச் சத்தம் அடித்தொண்டையில் ஒரு நீண்ட 'ஊ'வாகத் தொடங்கி, ஏறி, கடைசியில் விக்கல் எடுத்ததுபோல் பட்டென்று அறுந்துவிடும். கேட்டதும் எந்த வீட்டு ஆள், எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சத்தம் காதில் விழுந்தால் பதில் கொடுத்தாக வேண்டும். வீட்டு ஆள் கொடுக்காவிட்டால் அடுத்த காட்டுக்காரர் கொடுப்பார். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட இதை மட்டும் நிறுத்துவதில்லை. பதில் இல்லாமல் ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வந்தால், யாரோ விழுந்து கிடக்கிறார் என்று அர்த்தம். களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். 'சத்தத்துக்குப் பதில் குடுக்காதவ' என்று ஒரு பெண்ணைத் திட்டினால், அதற்கு மேல் திட்ட ஒன்றும் பாக்கி இல்லை.

அந்தப் பாட்டில் அப்பா சத்தம் கொடுக்கிறார். பதில் இல்லை. மறுபடி கொடுக்கிறார். பதில் இல்லை. மறுபடியும். பிறகு வயலின் வந்து அவரை மூடிவிடுகிறது.

பாட்டின் பெயர் 'ஆளில்லாத மலை'.

கீழே கேட்டவர்கள் எழுதியிருந்தார்கள். அழுதுவிட்டேன் என்றார் ஒருவர். உலகத்தின் கடைசி மனிதனின் குரல் என்றார் இன்னொருவர். நான் அதையெல்லாம் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்கு ஒரு விடியற்காலையில் நெஞ்சை அடைத்தது. ஜீப் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டில் அவருடைய போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் இல்லை. பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தினமும் காதில் விழுந்துகொண்டிருந்ததை எதற்குப் பதிவது?

முடி முளைத்த மைக்

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் அம்மாவிடம் கேட்டேன்.

"எப்பவாச்சும் யாராவது வந்து அப்பா பேசுறதப் பதிவு பண்ணுனாங்களாம்மா?"

அம்மா பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டே யோசித்தாள்.

"ஒரு தம்பி வந்துச்சு. நீ அப்ப பள்ளிக்கூட ஹாஸ்டல்ல இருந்த. குச்சியில பூனைக்குட்டியக் கட்டுன மாதிரி ஒண்ண நீட்டிக்கிட்டு மஞ்சுக்குள்ள நின்னுச்சு. ஒங்கப்பா, 'பாவம், எவனோ வழி தப்பி வந்துட்டான்'னு கூப்புட்டு டீ குடுத்தாரு. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்க மாட்டியே நீ."

அதோடு எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டும் என்றால் எழுந்து போய்விட வேண்டும்.

பாட்டை அவளுக்குப் போட்டுக் காட்டலாமா கூடாதா என்று நானும் ரெபேக்காவும் பல நாள் சண்டை போட்டோம். "ஆன்ட்டிக்கு ஏதாவது ஆயிட்டா?" என்பாள் அவள். "கேக்காமலே போயிட்டா?" என்பேன் நான். கடைசியில் ரெபேக்கா அந்தப் பையனுக்கே செய்தி அனுப்பினாள். அவன் பெயர் நவீன். அன்று மாலையே பதில் வந்தது. அப்பா இறந்தது அவனுக்குத் தெரியாது. நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தான். வட்டக்கானலில் ஒரு கஃபேயில் வாசிக்க வருகிறேன், அம்மாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், இது அவர்களுடைய பாட்டு என்றும் எழுதியிருந்தான்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாலு பேர் நடுவில் என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜீப்பில் போகும்போதுதான் சொன்னேன்.

"அப்பா சத்தம் ஒரு பாட்டுல இருக்கும்மா."

"என்ன சத்தம்?"

"மஞ்சுல குடுக்குறது."

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரும் வரை அம்மா தலைத்துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். இறங்கும்போது கேட்டாள்: "நல்லா விழுந்திருக்கா?"

மெத்தைக்கு நடுவில் அம்மா

கஃபே முழுக்கத் தரையில் மெத்தை. ஒன்றில் ரெபேக்கா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். டோஸ்ட் வாசனை, காபி வாசனை, நனைந்த நாய் வாசனை. கதவில் போஸ்டர்: வெள்ளைத் தாள், ஆரஞ்சுப் புள்ளி. அம்மா அதைக் கடந்து உள்ளே போனாள், கவனிக்கவில்லை. சேலைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், தலையில் துண்டு. மெத்தையில் உட்கார மறுத்துவிட்டாள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது எங்கள் ஊர் பேச்சியம்மாள் அக்கா. எட்டிப் பார்த்தாள்.

"ஏ மதினி! நீ எங்க இந்தப் பக்கம்? கச்சேரி கேக்கவா?"

"ஆமா. எனக்கும் பொழுது போகணும்ல."

"இங்க பாட்டுன்னா வார்த்தையே வராது மதினி. உம்முன்னு இருக்கும். தூங்கிராத."

"நீ சோலியப் பாரு. சட்டி தீயுது."

நவீன் ஒல்லியாக இருந்தான். மூக்குக் கண்ணாடி, ஓட்டை விழுந்த சாக்ஸ். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா அவனைப் பார்த்து, "மெலிஞ்சு போயிட்டியே தம்பி" என்றாள்.

வாசிக்க ஆரம்பித்தான். நாலைந்து பாட்டு போனது. ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளேயே வந்து மெத்தைகள் மேல் படுத்துக்கொண்டது. எதிரே இருந்த மலை, பாதை, நின்ற ஜீப்புகள் எல்லாம் மறைந்துவிட்டன. மத்தியானம் மூன்று மணிக்கு விளக்குப் போட்டார்கள்.

பிறகு தகரத்தில் மழை கேட்டது. நான் அம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பீரோ உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கரில் இருந்து அப்பா சத்தம் கொடுத்தார்.

நாய்கள் தலை தூக்கின. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அடுத்த நொடி, உள்ளே இருந்து பேச்சியம்மாள் அக்கா பதில் கொடுத்தாள். ஈரக் கையோடு, முழுத் தொண்டையில். அவள் வாய் மூடுவதற்குள் வெளியே பாதையில் இருந்து ஒரு ஆண் குரல் பதில் கொடுத்தது. அதற்கும் கீழே, பள்ளத்துக்குள் எங்கேயோ இருந்து இன்னொன்று.

மெத்தையில் இருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் கைதட்டினாள். நவீனின் விரல் தந்தி மேலேயே நின்றுவிட்டது. லேப்டாப்பில் ஓடுவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டாம் முறை சத்தம் கொடுத்தார். பதில்கள் பக்கத்தில் கேட்டன. வருகிறார்கள்.

வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தோளில் புல்லுக்கட்டின் ஈரம், கையில் பண்ணரிவாள், மூச்சு இரைத்தது. அவருக்குப் பின்னால் ஒரு ஜீப் டிரைவர்.

"யாருங்க விழுந்தது?" என்றார் அவர்.

மூன்றாம் முறையும் அப்பா சத்தம் கொடுத்தார். புல்லுக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு, நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தார்; அது அவள் வீட்டுச் சத்தம் என்று அவருக்கு விளங்கியது. அரிவாளைக் கீழே இறக்கினார்.

நான் அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மட்டும் பதில் கொடுக்கவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள், கீழே விழப் போகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். மெத்தைகளுக்கு நடுவே, யார் காலையும் மிதிக்காமல் நடந்து நவீனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நிப்பாட்டு."

நிறுத்தினான்.

"என் சத்தம் எங்க?"

அவனுக்குப் புரியவில்லை. "அம்மா, இது அய்யாவோட வாய்ஸ்..."

"அவரு சத்தம் எனக்குத் தெரியாதா? அவரு கூப்புட்டாரு, நான் பதில் குடுத்தேன். கீழ்த்தட்டுல நின்னு குடுத்தேன். நீயும்தான அங்க நின்ன? அது எங்கன்னு கேக்கேன்."

நவீன் கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி போட்டான்.

"அது... எடிட் பண்ணும்போது எடுத்துட்டேன்மா. பாட்டுக்கு ஒரு தனிமை வேணும்னு தோணுச்சு."

"என்ன வேணும்னு?"

"ஆளே இல்லாத மாதிரி..."

"ஆளில்லாத மாதிரியா? அப்ப நான் யாரு, காட்டுமாடா?"

சமையலறை வாசலில் நின்ற பேச்சியம்மாள் அக்கா மட்டும் சிரித்தாள். அவளும் உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இத எம்புட்டுப் பேரு கேட்டுருக்காங்க?"

"நிறையப் பேரும்மா. வெளிநாட்டுலகூட."

"அம்புட்டுப் பேரும் என்ன நெனப்பாங்க? கட்டுனவன் மஞ்சுல கெடந்து கத்துறான், பொண்டாட்டிக்காரி வாயத் தொறக்கலன்னுதான நெனப்பாங்க? இருவத்தஞ்சு வருசம் அவரு கூடக் காட்டுல நின்னுருக்கேன். ஒரு நாள், ஒரு சத்தம், பதில் குடுக்காம விட்டதில்ல. நீ ஒரு நாள் வந்து டீ குடிச்சிட்டுப் போயி, என்னயப் பதில் குடுக்காதவளா ஆக்கிட்டியே."

அம்மா குரலை உயர்த்தவில்லை. புல்லுக்காரர் தலையாட்டினார். அவருக்கு அதில் விளங்காதது எதுவும் இல்லை. விளங்காமல் இருந்தது மெத்தையில் இருந்தவர்களுக்கு. ரெபேக்காவும் நானும்கூட அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கு அப்போது உறைத்தது. மொட்டைமாடியில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவள் நான். பதில் இல்லையே என்று எனக்கு வலித்தது. பதில் எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

நீலப் புள்ளி

கச்சேரி அதோடு கலைந்தது. பேச்சியம்மாள் அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தாள், புல்லுக்காரருக்கும் சேர்த்து. நவீன் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அந்தப் பயணத்தில் பதிந்ததெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, அது கீழே விழுந்ததில் இருந்து திறக்கவில்லை, இந்தப் பாட்டுக்கு வெட்டி எடுத்த துண்டுகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றான். அம்மா டீயை ஆற்றிக் குடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"தேடு."

போட்டோ மட்டும் லேப்டாப்பில் இருந்தது. அட்டைப்படத்துக்கு முந்தைய, வெட்டாத போட்டோ. திறந்து காட்டினான். அதே வெள்ளை, அதே ஆரஞ்சு. ஆனால் இடது பக்கம், கொஞ்சம் தாழ்வாக, ஒரு நீலப் புள்ளியும் இருந்தது. மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கொங்காணி. அம்மாவுடையது.

"டிசைன் பண்ண ஃப்ரெண்டு எடுத்துட்டான்" என்றான் நவீன். "ரெண்டு கலர் இருந்தா கண்ணு அலையும்னு."

அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு விழுந்த அடிகளில் எது பெரியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்த நண்பன் செய்தது சரி. டிசைனாகப் பார்த்தால் சரி. அலமாரிக் கதவு எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். என்னிடம் அந்தப் போட்டோவைக் கொடுத்து, யாருடையது என்று சொல்லாமல் இருந்திருந்தால், அந்த நீலத்தை நானும் எடுத்திருப்பேன்.

பதில்

அதற்குப் பிறகு அம்மா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பாள்: "அந்தத் தம்பி தேடிருச்சா?"

இல்லை என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள்.

இதற்கு நடுவில் நான் கல்லூரியை விட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா இல்லாத காட்டில் ஒரு ஆள் குறைந்தது. கூலிக்கு ஆள் வைத்தால் பூண்டில் ஒன்றும் மிஞ்சாது. பரீட்சைக்கு முந்தின வாரம் பெட்டியைக் கட்டினேன். ரெபேக்கா அலமாரிக் கதவில் இருந்ததையெல்லாம் தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்து, ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். கூடவே, கையில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று. "ஊருல இயர்போன் போட்டுக்கிட்டுத் திரியாதடி. காட்டுமாடு வந்தாக்கூட கேக்காது" என்றாள்.

ஹார்ட் டிஸ்க்கை யாரிடமோ கொடுத்துத் திறக்க வைத்து, நவீன் அந்தப் பதிவை அனுப்பியபோது நாங்கள் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவன் கூட ஒரு வரி எழுதியிருந்தான்: 'முழுசா கேளுங்க. நானே இன்னைக்குத்தான் முழுசா கேட்டேன்.'

அந்தப் பாட்டு இப்போது இரண்டு விதமாக இருக்கிறது. இரண்டாவதை நவீன் வேறு பெயரில் வெளியிட்டான். அதன் அட்டையில் நீலமும் உண்டு. முதலாவதைத்தான் இன்றைக்கும் அதிகம் பேர் கேட்கிறார்கள். இரண்டாவதற்குக் கீழே ஒருவர், 'நன்றாக இருந்ததை ஏன் கெடுத்தீர்கள்' என்று எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மஞ்சில் நின்றவர் இல்லை.

காட்டுக்கே திரும்புகிறேன். மத்தியானம். மஞ்சு மேல்தட்டை மூடிவிட்டு எங்கள் தட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிய பூண்டின் காட்டமும் ஈர மண்ணின் வாசனையும். அம்மா சாக்கின் மேல் உட்கார்ந்தாள். நான் சின்ன ஸ்பீக்கரை வரப்புக் கல்லின் மேல் வைத்தேன்.

அப்பா சத்தம் கொடுத்தார்.

பாட்டில் அதற்குப் பிறகு வெறும் காற்றுதான் இருக்கும். இதில் உடனே, கீழே இருந்து, அம்மாவின் பதில் வந்தது. கூர்மையாக, பக்கத்தில். மறுபடி அவர். மறுபடி அவள். மூன்றாவது முறை அவர் இன்னும் நீட்டினார், அவளும் நீட்டினாள். பிறகு, சத்தத்தை விட்டுவிட்டு, சாதாரணப் பேச்சுக் குரலில் அப்பா கத்தினார்.

"தீப்பெட்டிய எங்கடி வெச்ச?"

"ஒங்க பையிலதான் கெடக்கு! தொழாவிப் பாருங்க!"

"பையில இல்ல!"

"மேப்பையில!"

சட்டையைத் தடவும் சரசரப்பு. ஒரு முனகல். குச்சி உரசும் ஓசை. பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில், சன்னமாக: "டீ குடிக்கிறியா தம்பி?"

அவ்வளவுதான்.

உலகத்தின் கடைசி மனிதன் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இருட்டறையில் படுத்து அழுத சத்தம், அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்த சத்தம். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல, பதில் குடுத்தேன்னு" என்றாள். "இன்னொருக்கப் போடு."

போட்டேன். இந்த முறை ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன். அப்பாவின் சத்தம் தட்டுத் தட்டாக ஏறி மஞ்சுக்குள் போனது. அதற்கு, பதிவில் இல்லாத ஒரு பதில், மேலே இருந்து வந்தது. அடுத்த காட்டுக்காரர். பழக்கத்தில் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் அது யாருடைய சத்தம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மண்வெட்டி கல்லில் விழும் ஓசை கேட்டது. பிறகு, நடுங்கிய குரலில், "யாரு? யாரு அது?" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் வாய்க்கு இருபக்கமும் குவித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே!" என்று மஞ்சைப் பார்த்துக் கத்தினாள். "தீப்பெட்டி கேக்காரு!"